ஏரும் எந்திரமும் – 7: மேழி பிடித்த எண்ணெய்

வண்டலூரில் ஜி.எஸ்.டி. சாலையை விட்டுக் கிழக்கே திரும்பினால் கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் என்று ஊர்களைக் கோத்துக்கொண்டு ஒரு சாலை ஓடுகிறது. கேளம்பாக்கத்தில் அது பழைய மாமல்லபுரம் சாலையைத் தொட்டு நிற்கிறது. இன்றைக்கு வழியெல்லாம் கல்லூரிகள், அடுக்குமாடிக் குடியிருப்புகள், கம்பெனி பஸ்கள். கேளம்பாக்கத்துக்குத் தெற்கே தையூர் ஏரி. கிழக்கே கோவளம் பக்கம் போனால் உப்பளம். ஒரு தலைமுறைக்கு முன்பு இந்த வட்டாரம் முழுக்க ஏரித் தண்ணீரையும் ஐப்பசி மழையையும் நம்பி நெல் போட்ட ஊர்கள்.

டிராக்டரின் கதையில் இந்தச் சாலையின் இரண்டு முனைகளுக்கும் இடம் உண்டு. மேற்கு முனையில், வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனியின் இந்தியத் தொழிற்சாலை இருந்தது. அங்கே முதலில் செய்த கார் ஸ்டாண்டர்டு வேன்கார்டு. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் அதே ஸ்டாண்டர்டு கம்பெனி, அதே எஞ்சினின் இன்னொரு வடிவத்தை ஒரு சின்னச் சாம்பல் நிற டிராக்டரில் பொருத்தி லட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தது. கிழக்கு முனையில், கேளம்பாக்கத்தில், 1964-இல் ‘ஜே ஃபார்ம்’ என்ற பண்ணை பிறந்தது. அந்தச் சாம்பல் டிராக்டரின் சிவப்பு வாரிசைச் சென்னையில் தயாரித்த கம்பெனி, விவசாயத்தைக் கற்றுக்கொள்வதற்கென்றே தொடங்கிய பண்ணை அது.

கவென்ட்ரியிலிருந்து கேளம்பாக்கம் வரை அந்த டிராக்டர் எப்படி வந்தது என்பதுதான் இந்தப் பகுதி. அதற்கு முன், போன பகுதியில் வயலில் விட்டுவந்த ஃபோர்ட்சனிடம் ஒருமுறை திரும்பிப் போகவேண்டும்.

1917 அக்டோபரில் அமெரிக்காவின் டியர்பார்னில் ஃபோர்ட்சன் உற்பத்தி தொடங்கியது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டனுக்குத் தானியம் கொண்டுவந்த கப்பல்களை ஜெர்மனியின் நீர்மூழ்கிகள் கடலுக்கடியில் அனுப்பிக்கொண்டிருந்தன. தன் நிலத்தையே கூடுதலாக உழுதாக வேண்டும், ஆனால் உழ ஆளும் இல்லை, குதிரையும் இல்லை என்ற நிலையில் பிரிட்டிஷ் அரசு ஆறாயிரம் டிராக்டர்கள் கேட்டது. ஹென்றி ஃபோர்டு காரை எப்படி நகரும் வரிசையில் வைத்துப் பூட்டினாரோ, அப்படியே டிராக்டரையும் பூட்டினார். அதற்கு வழி செய்தது ஹங்கேரியில் பிறந்த பொறியாளர் யூஜின் ஃபர்காஸின் வடிவமைப்பு. அதற்கு முந்தைய பெரும்பாலான டிராக்டர்களில் பெரிய இரும்புச் சட்டம் ஒன்றைக் கட்டி அதன்மேல் எஞ்சினை ஏற்றுவார்கள். ஃபோர்ட்சனில் அந்தச் சட்டமே கிடையாது. எஞ்சின், கியர்பாக்ஸ், பின்அச்சு ஆகியவற்றின் வார்ப்பிரும்பு உறைகளை ஒன்றோடொன்று போல்ட் போட்டு இறுக்கினால் அதுவே முதுகெலும்பு. இன்று நம் ஊர் வயல்களில் ஓடும் டிராக்டர்களுக்கும் ஏறக்குறைய அதே உடல்தான்.

750 டாலருக்கு வந்த வண்டியை 1922-இல் 395 டாலருக்கு இறக்கினார் ஃபோர்டு. போட்டியாளரான இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் தன் விலையையும் குறைத்து, கூடவே ஒரு கலப்பையை இலவசமாகக் கொடுக்கவேண்டியதாயிற்று. அந்த விலைச் சண்டையில் சின்னச் சின்ன டிராக்டர் கம்பெனிகள் பல மூடிப்போயின. 1928-இல் அமெரிக்காவில் ஃபோர்ட்சன் உற்பத்தி நின்றபோது ஏழு லட்சத்துக்கும் மேல் வெளியே போயிருந்தது. உலகின் முதல் மலிவு டிராக்டர் அதுதான்.

அதற்கு ஒரு கொடிய குணமும் இருந்தது. அது ஓட்டியவனைக் கொன்றது.

எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கவேண்டும். டிராக்டரின் கதை முழுக்க இந்த ஒரு முடிச்சில்தான் இருக்கிறது. ஃபோர்ட்சன் காலத்தில் கலப்பை தனி வண்டி. குதிரைக்குப் பின்னால் சங்கிலியில் கட்டி இழுத்த அதே கலப்பையை, குதிரைக்குப் பதில் டிராக்டருக்குப் பின்னால் கட்டினார்கள். உழும்போது கொழு ஒரு பாறையிலோ வேரிலோ மாட்டிக்கொண்டால் கலப்பை நகராது. கலப்பை நகராவிட்டால் பின்சக்கரமும் நகராது. எஞ்சின் மட்டும் நிற்காது. அதற்கு எதையாவது சுழற்றியாக வேண்டும். சக்கரம் சுழல மறுத்தால், அச்சைச் சுற்றி டிராக்டரின் உடம்பே சுழலும். முன்பக்கம் குதிரை நிமிர்வதுபோல் எழும்பி, அப்படியே பின்னால் புரண்டு, இருக்கையில் இருப்பவன்மேல் விழும். எல்லாம் ஒன்றிரண்டு நொடி. கிளட்சை மிதிக்கக்கூட நேரம் இருக்காது. கண்ணெதிரே மகனை இழந்த தகப்பன்கள் அமெரிக்கக் கிராமங்களில் இருந்தார்கள். பிற்பாடு ஃபோர்டு கம்பெனி பின்சக்கர மூடிகளைத் தரைப்பக்கம் நீளமாக இழுத்துவிட்டுப் பார்த்தது, டிராக்டர் நிமிர்ந்தால் அவை முட்டுக்கொடுக்கட்டும் என்று. நோய்க்கு மருந்து அதுவல்ல.

மாடு பூட்டி உழுதவர்களுக்கு இந்தச் சிக்கல் விநோதமாகத் தோன்றும். கொழு கல்லில் மாட்டினால் மாடு நின்றுவிடும். திரும்பிப் பார்க்கும். உழுகிறவர் மேழியைக் கொஞ்சம் தூக்கிக் கலப்பையைப் பின்னுக்கு இழுத்து, கல்லைத் தாண்டி வைத்து, மறுபடி ‘ஹை’ என்பார். கல் மட்டுமல்ல, ஒரே வயலில் ஓர் இடம் மணல்பாங்காக இருக்கும், நாலு அடி தள்ளிக் களி இறுகிக் கிடக்கும். களி வந்தால் மாடு திணறுவது மேழி வழியாக உழுகிறவரின் கைக்குத் தெரியும். அழுத்தத்தைக் கொஞ்சம் தளர்த்துவார். கொழு ஒரு விரல்கடை மேலேறும். மாடு மூச்சு விடும். மணல் வந்ததும் மறுபடி அழுத்துவார். மேழி பிடிக்கிற கை செய்கிற வேலை இதுதான்: மண்ணின் எதிர்ப்பை உணர்ந்து, அதற்குத் தக்கபடி ஆழத்தை மாற்றிக்கொண்டே இருப்பது. ஃபோர்ட்சனில் எஞ்சின் மாட்டின் வேலையைச் செய்தது. மேழி பிடித்த கையின் வேலையைச் செய்ய ஆள் இல்லை.

அந்தக் கையை எந்திரத்துக்குள் வைத்தவர் ஹாரி ஃபெர்குசன்.

அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் க்ரோவெல் என்ற சிற்றூரில் 1884-இல் ஒரு விவசாயி வீட்டில் பிறந்தவர். வயல் வேலை பிடிக்காமல் பெல்ஃபாஸ்டில் அண்ணனின் வண்டிப் பட்டறைக்குப் போனார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில் ஏறிப் பறந்தார். அயர்லாந்து மண்ணில் முதலில் பறந்தவர் அவரே. 1917-இல் அயர்லாந்து வேளாண்மை வாரியம் அவரிடம் ஒரு பொறுப்பைக் கொடுத்தது: ஊர் ஊராகப் போய், அரசு வைத்திருக்கும் டிராக்டர்களை விவசாயிகள் ஒழுங்காகப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுக்க வேண்டும். வில்லி சாண்ட்ஸ் என்ற மெக்கானிக்கோடு வயல் வயலாக அலைந்தபோதுதான் அவருக்கு ஒன்று உறைத்தது. எல்லாரும் டிராக்டரை ஒரு பக்கமும் கலப்பையை ஒரு பக்கமும் வைத்து யோசிக்கிறார்கள். இரண்டும் ஒரே கருவியாக இருக்கவேண்டும்.

அதைச் செய்துமுடிக்க அவருக்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. முக்கியமான காப்புரிமை 1926-இல் கிடைத்தது. கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு பிணைத்தார். கீழே இரண்டு கைகள் கலப்பையை இழுக்கும். மேலே நடுவில் ஒரு தண்டு. நம் ஊர் டிரைவர்கள் ‘டாப் லிங்க்’ என்று சொல்வது அதைத்தான். மண் கலப்பையை எதிர்க்கும்போது கலப்பையின் மேல்பாகம் முன்னால் சாய முயலும். அப்போது டாப் லிங்க் டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் டிராக்டரின் மூக்கைத் தரையோடு அமுக்கும். எதிர்ப்பு கூடக் கூட மூக்கு இன்னும் அமுங்கும். ஃபோர்ட்சனை நிமிர்த்திக் கவிழ்த்த அதே விசை, இங்கே டிராக்டரைத் தரையில் பிடித்துவைத்தது.

அடுத்ததுதான் அழகு. டாப் லிங்கின் மறுமுனையை ஒரு கம்பிச்சுருளில் முட்டவைத்து, அந்தச் சுருளை எண்ணெய்ப் பம்பின் வால்வோடு இணைத்தார். களி வந்து எதிர்ப்பு கூடினால் சுருள் அமுங்கும், வால்வு திறக்கும், எண்ணெய் அழுத்தம் கீழ்க்கைகளைக் கொஞ்சம் தூக்கும், கொழு ஒரு விரல்கடை மேலேறும். மணல் வந்தால் சுருள் விரியும், கலப்பை பழைய ஆழத்துக்கு இறங்கும். பாறையில் மாட்டிவிட்டால் பின்சக்கரத்தின்மேல் இருந்த பாரம் சட்டென்று விலகி, சக்கரம் இருந்த இடத்திலேயே சும்மா சுற்றும். டிரைவருக்கு ஒன்றும் ஆகாது. மேழி பிடித்த கையின் அறிவை ஒரு கம்பிச்சுருளும் கொஞ்சம் எண்ணெயும் எடுத்துக்கொண்டன. டிராக்டர் வரலாற்றில் இதற்கு இணையான கண்டுபிடிப்பு வேறு இல்லை என்று தயங்காமல் சொல்லலாம். குதிரைத்திறன் எத்தனை கூடினாலும், இது இல்லாமல் இலகுவான சின்ன டிராக்டர் பிறந்திருக்காது. பெரிய நிலம் இல்லாத நாடுகளுக்கு டிராக்டர் வந்திருக்காது.

கண்டுபிடித்தது ஒன்று, விற்பது இன்னொன்று. 1936-இல் ஹட்டர்ஸ்ஃபீல்டின் டேவிட் பிரவுன் கம்பெனியோடு சேர்ந்து வெளியிட்ட ஃபெர்குசன்-பிரவுன் டிராக்டர் ஆயிரத்துச் சொச்சம்தான் விற்றது. ஃபோர்ட்சனைவிட விலை அதிகம். அதற்கென்றே செய்த கலப்பைகளையும் சேர்த்து வாங்கவேண்டும். இருவருக்கும் மனஸ்தாபம். 1938 அக்டோபரில் ஃபெர்குசன் ஒரு டிராக்டரையும் கருவிகளையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு டியர்பார்ன் போய், எழுபத்தைந்து வயது ஹென்றி ஃபோர்டின் பண்ணையில் உழுது காட்டினார். பிறகு தோட்டத்தில் மேசை போட்டு, கம்பிச்சுருளில் ஓடும் ஒரு பொம்மை மாதிரியை வைத்து விளக்கினார். இருவரும் கைகுலுக்கினார்கள். ஃபெர்குசனின் யோசனை, ஃபோர்டின் தொழிற்சாலை. பத்திரம் எழுதவில்லை, சாட்சிக் கையெழுத்து இல்லை.

எட்டே மாதத்தில், 1939 ஜூனில், ஃபோர்டு 9என் வெளிவந்தது. போர்க்காலத்தில் வந்த அதன் மறுவடிவத்தையும் சேர்த்தால் ஏறக்குறைய மூன்று லட்சம் வண்டிகள். மலிவு உற்பத்தியும் மேழி பிடித்த எண்ணெயும் முதன்முதலாக ஒரே வண்டியில் சேர்ந்தது அப்போதுதான்.

பத்திரம் இல்லாத ஒப்பந்தத்தின் முடிவும் எதிர்பார்த்ததுதான். பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு கையில் கம்பெனி வந்ததும் உறவு முறிந்தது. ஃபெர்குசனின் இணைப்பு முறையை வைத்துக்கொண்டே, ஃபெர்குசன் இல்லாமல், ஃபோர்டு புதிய டிராக்டர் போட்டது. 1948-இல் ஃபெர்குசன் 25.1 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின் 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆயிற்று. கேட்டதில் இருபத்தைந்தில் ஒரு பங்குகூட இல்லை.

அதற்குள் கவென்ட்ரி வேலை தொடங்கிவிட்டது. போர்க்காலத்தில் விமான எஞ்சின் செய்த பேனர் லேன் தொழிற்சாலையில், ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி ஃபெர்குசனுக்காக 1946 முதல் டிஇ20 டிராக்டரைப் பூட்டியது. சாம்பல் வண்ணம், ஒரு டன்னுக்குச் சற்றே கூடுதல் எடை. 1956 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் உருண்டு வந்தன. எவரெஸ்டில் ஏறிய எட்மண்ட் ஹிலாரி, பனிக்கேற்பச் சங்கிலிப்பட்டை மாட்டிய ஃபெர்குசன் டிராக்டர்களில்தான் 1958 ஜனவரியில் தென்துருவம் போய்ச் சேர்ந்தார். உழுவதற்குச் செய்த வண்டி துருவத்துக்குப் போனது வேடிக்கை இல்லை. பழுதானால் ஒரு ஸ்பேனரை வைத்து யாரும் கழற்றிப் பூட்டிவிடலாம் என்ற எளிமைதான் காரணம். அந்த எளிமைதான் பிற்பாடு நம் ஊர்ப் பட்டறைகளுக்கும் உதவியது. 1953-இல் கனடாவின் மாஸி-ஹாரிஸ் கம்பெனியோடு ஃபெர்குசன் இணைந்து, பின்னர் மாஸி ஃபெர்குசன் ஆயிற்று. சாம்பல், சிவப்பாக மாறியது. டிஇ20-இன் இடத்தில் ‘35’ வந்தது.

இந்தியாவுக்கு டிராக்டர் வந்த வழி வேறு. நம் அரசு முதலில் கையில் எடுத்தது சின்ன டிராக்டரை அல்ல; யானையை ஒத்த சங்கிலிப்பட்டை வண்டிகளை. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் இங்கே விட்டுப்போன வண்டிகளை வாங்கி, மத்திய டிராக்டர் நிறுவனம் என்ற அமைப்பை டெல்லி தொடங்கியது. மத்திய இந்தியாவில் லட்சக்கணக்கான ஏக்கரைக் ‘காஞ்ஸ்’ என்ற நாணல் வகைப் புல் பிடித்திருந்தது. மாட்டுக் கலப்பைக்கு எட்டாத ஆழத்தில் அதன் வேர். அதைப் பெயர்த்தெடுக்க மேலும் டிராக்டர் வாங்க, 1949-இல் உலக வங்கி ஒரு கோடி டாலர் கடன் கொடுத்தது. உலக வங்கியிடம் இந்தியா வாங்கிய இரண்டாவது கடன் அது, முதலாவது ரயிலுக்கு.

விவசாயி சொந்தமாக வாங்குகிற டிராக்டர் மட்டும் கப்பலில் வந்துகொண்டிருந்தது. உள்நாட்டில் முதல் டிராக்டரை 1959 ஏப்ரலில் ஃபரிதாபாத்தில் ஐஷர் கம்பெனி வெளியிட்டது. அடுத்தது சென்னை.

சென்னைக்கு ஏன் வந்தது? பஞ்சாப்போல் பெரிய கோதுமை வயல்கள் இங்கே கிடையாது. டிராக்டருக்கு மிக அருகில் இருக்கவேண்டியது வயல் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அருகில் இருக்கவேண்டியிருந்தது எஞ்சின். அது செம்பியத்தில் இருந்தது.

1840-இல் சென்னையில் குதிரைவண்டி கட்டத் தொடங்கிய கம்பெனி சிம்ப்சன். அதன் பட்டறையில் 1903-இல் சாமுவேல் ஜான் கிரீன் என்ற பொறியாளர் நீராவிக் கார் ஒன்றைச் செய்து ஓட்டினார். பிற்காலத்தில் அந்தக் கம்பெனியின் தலைமைக்கு வந்தவர் எஸ். அனந்தராமகிருஷ்ணன். திருநெல்வேலிச் சீமையின் ஆழ்வார்குறிச்சியில் 1905-இல் பிறந்தவர். வெள்ளைக்காரக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்து அதன் தலைவராகவே உயர்ந்தவர். வட்டாரத்தில் அவருக்கு ஓரெழுத்துப் பெயர்: ‘ஜே’. சுதந்திரத்துக்குப் பிந்தைய ஆண்டுகளில் வடசென்னையின் செம்பியத்தில் ஒன்றன்பக்கத்தில் ஒன்றாகத் தொழிற்சாலைகளை எழுப்பினார். இந்தியா பிஸ்டன்ஸ் பிஸ்டன் செய்தது. சிம்ப்சன், இங்கிலாந்தின் பெர்கின்ஸ் கம்பெனியின் உரிமத்தில் டீசல் எஞ்சின் செய்தது. 1959-இல் அந்தப் பெர்கின்ஸ் கம்பெனியை மாஸி ஃபெர்குசன் விலைக்கு வாங்கியது. ‘35’ டிராக்டரின் வயிற்றில் இருந்தது பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின். எஞ்சினும் அதன் உதிரிகளும் செய்யத் தெரிந்த ஊர் ஏற்கெனவே இருக்க, டிராக்டர் கம்பெனி வேறெங்கே போகும்? 1960-இல் டிராக்டர்ஸ் அண்ட் ஃபார்ம் எக்விப்மென்ட் என்ற கம்பெனி, சுருக்கமாக டாஃபே, மாஸி ஃபெர்குசனின் கூட்டோடு பதிவாயிற்று. தொழிற்சாலை அதே செம்பியம்.

அந்த 1960 விசித்திரமான ஆண்டு. அக்டோபரில் ஹாரி ஃபெர்குசன் இறந்தார். தன் இணைப்பு முறை சென்னைப் பட்டறையில் பிறக்கப்போவதை அவர் பார்க்கவில்லை. அதே ஆண்டு ஜனவரி 30 அன்று, காந்தியின் நினைவு நாளில், மதுரையில் இன்னொருவர் கண்மூடினார்: ஜே.சி. குமரப்பா. தஞ்சாவூரில் 1892-இல் பிறந்தவர். அமெரிக்காவின் அயோவாவில் ஜான் ஃப்ரோலிக் பெட்ரோல் டிராக்டரை ஓட்டிக்காட்டிய ஆண்டு அது. காந்தியப் பொருளாதாரத்தின் மூளை என்று சொல்லத்தக்கவர். கல்லுப்பட்டி காந்தி நிகேதனில் கடைசிக் காலத்தைக் கழித்தவர்.

டிராக்டரைக் குமரப்பா கடுமையாக எதிர்த்தார். மாடு உழுகிறது, வண்டி இழுக்கிறது, சாணம் போடுகிறது. அதன் தீனி வைக்கோல், வயலிலேயே கிடைப்பது. டிராக்டர் உழும், உரம் தராது. அதன் தீனி டீசல், வெளிநாட்டுக் கிணற்றிலிருந்து வருவது. மாட்டை இழந்தால் எருவை இழப்போம், எருவின் இடத்துக்கு ரசாயன உரம் வரும், இரண்டுக்கும் விவசாயி ரொக்கம் தேடி அலைவான் என்பது அவர் வாதத்தின் சாரம். பழமைப்பற்று என்று அதைத் தள்ளிவிட முடியாது. பின்னால் நடந்ததில் பெரும்பகுதி அவர் சொன்ன வரிசையில்தான் நடந்தது. அவர் கணக்கில் போதிய இடம் பெறாதது ஒன்று உண்டு: காலம். நாற்றங்கால் காத்திருக்க, ஆற்றில் தண்ணீர் வந்துவிட, ஏர் கிடைக்காமல் நிற்கிற பத்து நாளின் விலை.

அந்தப் பத்து நாளின் விலை தஞ்சையில் திடீரென்று ஏறியது. அதே 1960–61-இல், ஃபோர்டு அறக்கட்டளையின் உதவியோடு நாட்டின் ஏழு மாவட்டங்களில் ‘பேக்கேஜ் திட்டம்’ தொடங்கியது, தமிழ்நாட்டுக்குத் தஞ்சாவூர். டிராக்டரை மலிவாக்கிய ஹென்றி ஃபோர்டின் பணம், அறக்கட்டளையாகக் காவிரிப் படுகைக்கு வந்தது. சில ஆண்டுகளில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுவை நெல்லை வெளியிட்டது. குறுவையை அறுத்த கையோடு நிலத்தைச் சேடை ஓட்டித் தாளடி நட்டாக வேண்டும். இரண்டு போகத்துக்கும் நடுவில் கிடைப்பது சொற்ப நாட்கள். எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் ஏர் வேண்டுமென்றால், ஊரில் உள்ள மாடெல்லாம் போதாது.

டிராக்டருக்கோ சேற்றைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஃபெர்குசன் உழுதது அயர்லாந்தின் ஈரப்புல் நிலம். ஃபோர்டு உழுதது மிச்சிகனின் புழுதி நிலம். கணுக்கால் ஆழத் தண்ணீரில், மிதித்தால் முழங்கால் வரை உள்ளே போகிற நெல் வயல் வேறு விதமான மண். ரப்பர் டயர் அதில் வழுக்கும். சேறு டயரின் பள்ளங்களை அடைத்து அதை மழமழவென்ற உருளையாக்கிவிடும். அதற்காகத்தான் கேஜ் வீல் வந்தது: இரும்புச் சட்டங்களால் ஆன கூண்டுச் சக்கரம். டயரோடு சேர்த்து மாட்டினால் சேற்றில் மிதந்தும் கொடுக்கும், சேற்றைக் குழப்பியும் விடும். அதே சக்கரத்தோடு தார் ரோட்டில் ஏறினால் ரோடு போயிற்று. ஆகவே வரப்போரத்தில் கழற்றி மாட்டவேண்டும். சேற்றுத்தண்ணீர் அச்சுக்குள்ளும் பிரேக்குக்குள்ளும் போகாமல் சீல்கள் காக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், ஆழம். நெல் வயலின் அடியில் தலைமுறை தலைமுறையாக மிதிபட்டு இறுகிய ஒரு தளம் உண்டு. தண்ணீரைத் தாங்கி நிறுத்துவது அதுதான். ஆழமாக உழுகிறேன் என்று அதைக் கிழித்துவிட்டால் வயல் தண்ணீர் பிடிக்காது. அமெரிக்காவில் பெருமையாக இருந்த ஆழ உழவு இங்கே கெடுதல்.

இந்த வேறுபாடுகளைக் கைப்புத்தகத்தில் படித்துக் கற்க முடியாது. பண்ணை வேண்டும். 1964 ஏப்ரலில் அனந்தராமகிருஷ்ணன் இறந்தார். கேளம்பாக்கத்தில் டாஃபேயின் பண்ணை தொடங்கியதும் அதே ஆண்டு. அவரைக் கூப்பிட்ட அந்த ஓரெழுத்துதான் பண்ணையின் பெயரிலும் இருக்கிறது. விற்பனைக்குக் கொண்டுவரும் கருவி, விதை, சாகுபடி முறை எதுவானாலும் இந்த மண்ணுக்கும் இந்த வெயிலுக்கும் ஒத்துவருமா என்று பார்ப்பதும், விவசாயிகளுக்கும் டிராக்டர் ஓட்டுகிறவர்களுக்கும் பயிற்சி கொடுப்பதும் அதன் வேலை.

சென்னை வட்டாரத்துக்கு இது முற்றிலும் புதிதல்ல. அதற்கு நூறு ஆண்டுக்கு முன், 1860-களில், கவர்னர் வில்லியம் டெனிசன் இங்கிலாந்திலிருந்து நீராவிக் கலப்பையும் புதுக் கருவிகளும் தருவித்து, சைதாப்பேட்டையில் அரசுப் பண்ணை ஒன்றை உண்டாக்கியதை முன்பே பார்த்தோம். அந்தப் பண்ணையில் முளைத்த விவசாயப் பள்ளிதான் 1906-இல் கோயம்புத்தூருக்குப் போய், இன்றைய வேளாண் பல்கலைக்கழகமாக வளர்ந்தது. சைதாப்பேட்டையில் ஓர் அரசு, அயல் கருவிகளை இறக்கி ஊரைத் திருத்தப் பார்த்தது. கேளம்பாக்கத்தில் கருவி விற்கிற ஒரு கம்பெனி, தன் கருவியோடு விவசாயத்தையும் பார்க்க வந்தது. நோக்கம் வியாபாரம்தான். ஆனாலும் விற்றுவிட்டுப் போகாமல் உழுதுபார்க்க உட்கார்ந்தது பாராட்டத்தக்கது. தொடக்கக் காலத்தில் ஃபோர்டு செய்யத் தவறியதும் அதைத்தான்.

எண்ணிக்கையைப் பார்த்தால் தொடக்கம் மிகச் சிறியது. 1961–62-இல் இந்தியா முழுக்கச் செய்த டிராக்டர்கள் 880. ஃபோர்ட்சன் உச்சத்தில் இருந்தபோது டியர்பார்னில் அது ஒரு சில நாள் வேலைதான். கம்பெனிகளின் உற்பத்திக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு. பணம் கட்டிவிட்டு வண்டிக்காகக் காத்திருக்கும் விவசாயிகள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்தும் சோவியத் நாட்டிலிருந்தும் இறக்குமதி. 1967-இல் அரசு டிராக்டர் விலைக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 1968-இல் உற்பத்திக்கான லைசென்ஸ் தேவையை நீக்கியது. இப்போது ஆண்டுக்கு ஒன்பது லட்சத்துக்கும் மேல் டிராக்டர்கள் உள்நாட்டில் விற்கின்றன. உலகில் இவ்வளவு டிராக்டர் செய்கிற நாடு வேறில்லை.

தமிழ்நாட்டில் அந்த டிராக்டர் தனக்கென்று ஒரு வாழ்க்கையை அமைத்துக்கொண்டது. 2015–16 கணக்கெடுப்பின்படி இங்கே ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர்; இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு நிலத்துக்கு யாரும் டிராக்டர் வாங்க முடியாது. ஊருக்கு நாலைந்து பேர் வாங்கி, மணிக்கணக்குக்கு வாடகைக்கு ஓட்டுகிறார்கள். “நாளைக்குக் காலையில நம்ம கொல்லைக்கு ஒரு ரெண்டு மணி நேரம் ஒன்பது கலப்பை விட்டுக் குடுங்கண்ணே” என்று முன்னிரவில் போய்ச் சொல்லிவைப்பதுதான் பெரும்பாலான சிறு விவசாயிகளுக்கு டிராக்டரோடு உள்ள உறவு. உழவு இல்லாத நாளில் அதே வண்டி டிரெய்லரைக் கோத்துக்கொண்டு செங்கல் ஏற்றும், கரும்பு ஏற்றும், நெல் மூட்டை ஏற்றும். ஃபெர்குசனின் அந்த மூன்று இணைப்புப் புள்ளிகளில் கல்டிவேட்டர் போய் ரோட்டவேட்டர் ஏறும், அது போய் வரப்புப் போடும் கருவி ஏறும். ஆயுதபூசையன்று சந்தனம் குங்குமம் வைத்து எலுமிச்சம்பழத்தை நசுக்கி ஏறும்போது, முன்னொரு காலத்தில் மாட்டுக்கு நடந்த மரியாதை அதற்கு நடக்கிறது.

2020 ஊரடங்கின்போது, குறுவைக்கு முந்தைய உழவு நேரத்தில், தமிழ்நாட்டின் சிறு விவசாயிகளுக்கு வாடகை வாங்காமல் டிராக்டர் விடும் திட்டத்தை டாஃபே அறிவித்தது. விவசாயிகளின் கோரிக்கைகளை வாங்கி வண்டி அனுப்பிய சேவைக்கு ‘ஜே ஃபார்ம் சர்வீசஸ்’ என்று பெயர். கேளம்பாக்கத்துப் பண்ணையின் பெயர், அந்த ஊரைப் பார்த்தேயிராத விவசாயிகளின் செல்போன்களில் ஒலித்தது.

‘35’ இன்னும் சாகவில்லை. அதன் வாரிசான மாஸி ஃபெர்குசன் 1035, திண்டிவனத்துக்குத் தெற்கே எந்த ஊர் டீக்கடை ஓரத்திலும் நிற்கக் காணலாம். பின்னால் போய்ப் பார்த்தால் டாப் லிங்க் மாட்டுகிற இடம் ஃபெர்குசன் வரைந்த இடத்தில்தான் இருக்கும்.

ஆனால் அன்றைய இந்திய டிராக்டர்களில் ஒன்றுகூட இங்கே பிறந்த வரைபடத்தில் உருவானதல்ல. ஐஷருக்கு ஜெர்மனி, டாஃபேக்கு இங்கிலாந்து, எஸ்கார்ட்ஸுக்குப் போலந்து, பரோடாவில் தொடங்கிய கம்பெனிக்குச் செக்கோஸ்லோவாக்கியா. 1965-இல் வங்காளத்தின் துர்காபூரில், மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தில், எம்.எம். சூரி என்ற இயக்குநரும் அவருடைய இளம் பொறியாளர்களும் யாரிடமும் உரிமம் வாங்காமல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்தார்கள். அவர்கள் முன் எழுந்த முதல் தடையே ஃபெர்குசனின் ஹைட்ராலிக்தான்: அந்த வேலையை அவர் வழியில் அல்லாமல் வேறு எந்த வழியில் செய்வது?

(தொடரும்)